காரணம்: குளிர்

"அந்தப் பேண்ட் யாரோடது?"

சுமியே கத்தவில்லை. ஆனால் சோற்றுக் கரண்டியைப் பாத்திரத்துக்குள்ளேயே விட்டுவிட்டுத் திரும்பியிருந்தாள். அவள் அப்படித் திரும்பினால் வீட்டில் மற்ற இருவரும் மெல்லுவதை நிறுத்திவிடுவார்கள்.

படிக்கட்டின் அடியில் பிள்ளை நின்றது. மேலே பள்ளிக்கூடத்துக் கருநீலக் கோட்டு. கீழே, பாவாடை இருக்க வேண்டிய இடத்தில், மடிப்புக் கலையாத கருநீலப் பேண்ட். இடுப்பில் கொஞ்சம் பெரிது. பெல்ட் போட்டு இறுக்கியிருந்தது.

"சமூகக் கூடத்துல பழைய யூனிஃபார்ம் பெட்டி வெச்சிருக்காங்கல்ல, அதுலேர்ந்து எடுத்தேன்."

"பாவாடை எங்கடி?"

"அலமாரியில. மடிச்சு வெச்சிருக்கேன்."

"எதுக்கு மடிச்சு வெச்ச?"

"கசங்காம இருக்கத்தான்."

விடியுமுன்பே நகராட்சியின் பனி அள்ளும் வண்டியை ஓட்டிவிட்டு வந்து, மிசோ சூப்புக் கிண்ணத்தில் இரண்டு கையையும் சூடேற்றிக்கொண்டிருந்த அவள் கணவன் கென்சாகு ஜன்னலைப் பார்த்தான். "வெளியில மைனஸ் எட்டு. கால் மூடியிருக்கறது நல்லதுதானே சுமியே."

"நீங்க சூப்பைக் குடிங்க."

கென்சாகு குடித்தான்.

"யாரைப் பார்த்துடி இதெல்லாம் கத்துக்கற? முதல்ல அதைச் சொல்லு."

"யாரையும் பாக்கலம்மா."

"பாக்காம வருமா?"

பிள்ளை உட்கார்ந்து, சோற்றையும் வறுத்த மீனையும் அமைதியாகச் சாப்பிட்டுவிட்டு, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. வாசலில் இடுப்பளவு பனிக்கு நடுவே கென்சாகு வெட்டி வைத்திருந்த ஒற்றையடிப் பாதையில் அந்தப் பேண்ட் போய் மறைகிற வரைக்கும் சுமியே கதவைச் சாத்தாமல் நின்றாள். வீட்டுக்குள் குளிர் புகுந்தது.

பள்ளிப் பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் பெயர் ஹொனோகா, பெண், வயது பதினாலு. தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் ஹொடாகா. போன அக்டோபரில் அம்மாவும் பிள்ளையும் சீமைப் பனிச்சைப் பழம் தோல் சீவி, கயிற்றில் கோத்துக் காயத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோது, "அம்மா, நான் பொண்ணு இல்ல. பையன். ரொம்ப நாளாவே அப்படித்தான்" என்று சொன்னான். ஒருவன் தான் யார் என்று சொல்லும்போது அவன் சொல்லையே எடுத்துக்கொள்வது என் வழக்கம். எனவே இந்தக் கதையில் அவன் அவன்தான். ஜப்பானின் மலைநாட்டில் இருக்கிற எங்கள் கமிசாவா ஊரார் அப்போது அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவனைப் பெற்றவளும் எடுத்துக்கொள்ளவில்லை.

சுமியே அதை ஒரு தொற்று என்றே நினைத்தாள். காய்ச்சல் யாரிடமிருந்து வந்தது என்று தேடுவதில் காட்டிய வேகத்தில், காய்ச்சல்தானா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. முதலில் படக்கதைப் புத்தகங்கள் மேல் சந்தேகம் வந்தது. நாற்பத்திரண்டு புத்தகங்களையும் கட்டிப் பழைய காகிதம் எடுக்கிற வண்டியில் ஏற்றினாள். பிள்ளை மாறவில்லை. அடுத்து கைபேசி. அதைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் வைத்தாள். பிள்ளை மாறவில்லை, அரிசி அளக்கும்போதெல்லாம் டப்பாதான் ஒலித்தது. மூன்றாவதாக, கைப்பந்துக் குழுவின் தலைவி மிசுஸு. கழுத்தளவுகூட இல்லாத முடி, ஆம்பளைக் குரல், அகல நடை. 'இவகிட்டேர்ந்துதான்' என்று முடிவு கட்டி, குழுவிலிருந்து பிள்ளையை நிறுத்தினாள். தன் அழகு நிலையத்தில் மிசுஸுவுக்கு அந்த முடியை வெட்டிவிட்டதே தான்தான் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

கெட்ட சகவாசத்தை அகற்றியாயிற்று, இனி நல்ல சகவாசம் சேர்க்கலாம் என்று, புத்தாண்டு விடுமுறைக்கு நகரத்தில் இருந்த தங்கை வீட்டுக்கு அனுப்பினாள். அங்கே இரண்டு பெண்கள். உடம்பெல்லாம் ரிப்பனும் லேசுமாகத் திரிகிறவர்கள். பத்து நாள் கழித்து ஹொடாகா பத்து விரலுக்கும் நீல நகச்சாயம் பூசிக்கொண்டு வந்து இறங்கினான்.

சுமியேவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அடியே, எவ்வளவு அழகா இருக்கு!"

"ஆமாம்மா," என்று அவனும் மகிழ்ந்தான். "பையன் கைக்கு நீலம் எடுப்பாத்தான் இருக்கு."

அதற்கு மறு வாரம்தான் அந்தப் பேண்ட்.

பள்ளியில் அன்று காலை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வகுப்பாசிரியர் ஒரு கணம் பார்த்தார், விதிப் புத்தகத்தை எடுத்தார், 'மாணவியர் பாவாடை அணிவர்' என்ற வரியைக் கண்டுபிடித்தார், அணியாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு வரி இல்லாததைக் கண்டு புத்தகத்தை மூடினார். வகுப்புப் பெண்கள்தான் உற்றுப் பார்த்தார்கள். பார்த்தது ஹொடாகாவை அல்ல, அவன் முழங்காலை. எங்கள் ஊரில் ஜனவரியில் பாவாடை கட்டிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் பனியில் நடந்து வருகிற பெண்ணின் முழங்கால் வேகவைத்த நண்டின் நிறத்தில் இருக்கும். பாவாடைக்கு உள்ளே விளையாட்டுக் கால்சட்டை போட்டுக்கொண்டால் 'அலங்கோலம்' என்று வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். ஹொடாகாவின் முழங்கால் துணிக்குள்ளே சௌக்கியமாக இருந்தது.

மூன்றாம் நாள் பக்கத்து மேசை ரின்கோ தன் அண்ணனின் பழைய பேண்டில் வந்தாள். ஒனோதெரா ரின்கோ, பெற்றோர் சங்கத் துணைத் தலைவியின் மகள். அவள் போட்டதும் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. இரண்டே வாரத்தில் அந்த வகுப்பில் பேண்ட் போட்ட பெண்கள் பதினொரு பேர்.

ஆசிரியர் அறையில் கலவரம். துணைத் தலைமையாசிரியர் வகுப்பின் இருக்கைப் படத்தைச் சுவரில் ஒட்டி, பேண்ட் போட்ட ஒவ்வொரு பிள்ளையின் இடத்திலும் சிவப்பு வட்டம் போட்டார். சளிக்காய்ச்சல் சீசனில் எந்த வரிசையில் யார் படுத்தார்கள் என்று குறித்து வைக்கிற படம் அது. ஹொடாகாவின் மேசையைச் சுற்றி மட்டும் இரட்டை வட்டம்.

"அவகிட்டேர்ந்துதான் பரவுது, பாருங்க சார்," என்றார்.

தலைமையாசிரியர் குமகாய் பார்த்தார். ஓய்வு பெற இரண்டு வருஷமே இருந்த அவருக்கு, இந்த இரண்டு வருஷத்தில் எதுவுமே நடக்கக் கூடாது என்பது ஒன்றுதான் ஆசை.

சுமியேயின் அழகு நிலையம் வீட்டு முன்கட்டிலேயே இருந்தது. மூன்று நாற்காலி, இரண்டு கண்ணாடி, ஊர்ச்செய்தி மொத்தமும். அந்த வார வியாழக்கிழமை ஒனோதெரா மிட்ஸுயே சுருள் போட்டுக்கொள்ள வந்தாள். அவளுக்கு ஈர்க்குச்சி மாதிரி நேர் முடி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுமியே அதைச் சுருட்டிவிடுவாள். மூன்று மாதத்தில் அது மறுபடி நிமிர்ந்துவிடும். பன்னிரண்டு வருஷமாக இப்படியே போய்க்கொண்டிருந்தது.

தலை நிறையச் சுருள் குழல்களை மாட்டி, மருந்தும் தடவிய பிறகு, எழுந்து போக முடியாத அந்த நிலையில்தான் மிட்ஸுயே பேச்சைத் தொடங்கினாள்.

"சுமியே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு நல்ல பொண்ணுதான். நான் சொல்லலை, ஊர்ல பேசிக்கறாங்க."

"என்னன்னு?"

"யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க, அது இப்ப மத்த பிள்ளைங்களுக்கும் பரவுதுன்னு. இந்த வயசு அப்படிப்பட்ட வயசு பாருங்க. ஒண்ணு செஞ்சா ஒன்பது செய்யும். இன்னிக்குப் பேண்ட். நாளைக்கு 'நானும் பையன்'னு வந்து நின்னா? எங்க ரின்கோவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

இதே சொற்களைத்தான் சுமியே நாலு மாதமாகத் தனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் இன்னொருத்தி வாயிலிருந்து கேட்கும்போது அவை வேறு மாதிரி இருந்தன. அவள் சீப்பைத் துடைத்தாள். துடைத்த சீப்பையே மறுபடி துடைத்தாள்.

"அதனால என்ன செய்யலாம்ங்கறீங்க?"

"ஒண்ணும் பெருசா இல்லீங்க. கொஞ்ச நாளைக்கு உங்க பொண்ணைத் தனியா உக்கார வெச்சா போதும். பின்பக்கம், ஜன்னல் ஓரமா. சாப்பாடும் தனியா. கழிப்பறைக்கும் ஆசிரியருங்க கழிப்பறைக்கே போகட்டும். மத்த பிள்ளைங்க மறந்துடும் பாருங்க. சனிக்கிழமை கூட்டத்துல பேசப் போறேன். உங்ககிட்ட முன்கூட்டியே சொல்றதுதான் மரியாதைன்னு வந்தேன்."

"மரியாதைக்கு நன்றி," என்றாள் சுமியே. மருந்துக்கு வைத்த மணி அடித்ததும் குழல்களைக் கழற்றினாள். ஒரு முடி அதிகமாகச் சூடாகவில்லை, ஒரு முடி உடையவில்லை. எப்போதும் போலத் திருத்தமான சுருள். தொழிலில் கோபத்தைக் காட்டுகிறவள் இல்லை அவள். மிட்ஸுயே போன பிறகு கடை விளக்கை அணைத்துவிட்டு நடு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'தனியா' என்ற ஒரு சொல்தான் காதில் நின்றது. சாப்பாடும் தனியா.

ஹொடாகா பள்ளியிலிருந்து வந்தபோது அவள் அப்படியே இருந்தாள்.

"அம்மா, கடை ஏன் இருட்டா இருக்கு?"

"மதியம் யார்கூட உக்காந்து சாப்பிட்ட?"

"ரின்கோகூட. ஏன்?"

"சும்மா கேட்டேன்," என்றாள். "போய்க் கால் காய வைடி."

சனிக்கிழமை மதியம் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் கூட்டம். நான்கு மண்ணெண்ணெய் அடுப்புகள் நான்கு மூலையில் எரிந்தும் வாயைத் திறந்தால் ஆவி வந்தது. மடக்கு நாற்காலிகளில் அறுபது பெற்றோர். முன்வரிசையில் வகுப்புப் பிள்ளைகள். நகரத்திலிருந்து ஒரு பேச்சாளரை வரவழைத்திருந்தார்கள். மெல்லிய மனிதர், தடித்த கோப்பு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எப்படிக் கெடுகின்றன என்று நாற்பது நிமிஷம் பேசினார். நண்பர்கள், படங்கள், பாட்டுகள், இணையம் என்று அவர் பட்டியல் போடப் போட, கென்சாகுவுக்குத் தூக்கம் வந்தது. அதைத் தவிர்க்கக் கையைத் தூக்கினான்.

"ஐயா, ஒரு சந்தேகம். பாக்கறதால ஒருத்தர் வேற ஆளா மாறிடுவாங்களா?"

"இளம் வயதில் கண்டிப்பா."

"என் பொண்டாட்டி இருபது வயசுலேர்ந்து கொரியா நாடகம் பாக்கறா. இன்னும் கொரியாக்காரி ஆகலைங்க."

கூடம் சிரித்தது. சுமியே அவன் தொடையில் கிள்ளினாள்.

பேச்சாளர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உட்கார, மிட்ஸுயே எழுந்தாள். பெண் பிள்ளைகள் பேண்ட் போடப் போட, பெண் என்கிற நினைப்பே அவர்களுக்கு மங்கிப்போகும் என்று விளக்கினாள். நன்றாகத்தான் பேசினாள். கணுக்கால் வரை பஞ்சு வைத்துத் தைத்த, ஊதா நிறப் பனிப் பேண்டை அணிந்துகொண்டு பேசினாள். கூடத்தில் இருந்த முப்பத்தெட்டு அம்மாக்களும் பேண்டில்தான் இருந்தார்கள். அந்தக் குளிரில் வேறெதிலும் வர முடியாது. தங்களுக்கு அது எந்த வருஷம் முதல் பழகியது, அதனால் பெண் என்கிற நினைப்பு எவ்வளவு மங்கியது என்று யாரும் குனிந்து பார்த்துக்கொள்ளவில்லை.

"பிள்ளைங்களையே கேட்டுடலாம்," என்றார் குமகாய். சீக்கிரம் முடிந்தால் போதும் அவருக்கு. "ரின்கோ, நீ சொல்லு. எதுக்குப் பேண்ட் போட்ட?"

"குளிர் சார்."

"அவ்வளவுதானா?"

"முழங்கால் விறைச்சுப்போயிடுது சார்."

"யாரைப் பார்த்துப் போட்ட?"

"ஹொனோகாவைப் பார்த்துத்தான். அதுக்கு முன்னாடி, போடலாம்னே எனக்குத் தோணலை."

மிட்ஸுயே அறுபது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "கேட்டீங்களா? பார்த்துத்தான். ரின்கோ, பயப்படாம சொல்லு. பேண்ட் போட்டதுக்கப்புறம் உனக்கு ஏதாவது... வித்தியாசமா இருக்கா? நீ பையனோங்கற மாதிரி?"

ரின்கோ நிஜமாகவே யோசித்தாள். "ரெண்டு வாரமா நானும் கவனிச்சுக்கிட்டிருக்கேன்மா. ஒண்ணும் வரலை. முழங்கால் மட்டும் சூடா இருக்கு."

இந்த முறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மீதிப் பத்துப் பெண்களும் எழுந்து எழுந்து 'குளிர்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். குமகாயின் முகம் மலர்ந்தது. குளிர் என்றால் குளிர். குளிரைப் பற்றி மேலதிகாரிகளுக்கு அறிக்கை எழுத வேண்டியதில்லை. அவர் கடைசியாக ஹொடாகாவைப் பார்த்தார். கனிவோடுதான் பார்த்தார். கதவைத் திறந்து வைத்துவிட்டு 'வா' என்று கூப்பிடுகிறவரைப் போல.

"உனக்கும் குளிருக்குத்தானேம்மா? ஆமான்னு சொல்லிட்டு உக்காரு."

சுமியே மடியில் கைகளைக் கோத்து அழுத்தினாள். 'ஆமான்னு சொல்லு. தலையை ஆட்டு, போதும்.'

ஹொடாகா எழுந்து நின்றான். பெல்ட்டைச் சரி செய்தான்.

"இல்ல சார். எனக்குக் குளிர் பழகிப்போச்சு. பாவாடைதான் பழகலை."

பெல்ட்டிலிருந்து கையை எடுத்தான்.

"நான் பையன் சார். பேண்டால ஆகலை. அதுக்கு முன்னாடியே அப்படித்தான்."

மிட்ஸுயே மெல்லச் சொன்னாள்: "பாருங்க. பதினாலு வயசுப் பிள்ளைக்குத் தானா இப்படிப் பேச வருமா? யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க."

"ஆமா," என்றாள் சுமியே.

அவள் எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. கென்சாகு வியப்போடு அண்ணாந்து பார்த்தான்.

"சொல்லிக் குடுத்தோம். நான் சொல்லிக் குடுத்தேன். மூணு வயசுல கிமோனோ கட்டிக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஏழு வயசுலயும் கட்டினேன், கழட்டற வரைக்கும் அழுதுச்சு. வருஷா வருஷம் பொம்மைத் திருநாளுக்கு ஏழு படி கட்டி, ராஜா ராணி பொம்மை அடுக்கி, 'நீயும் இந்த மாதிரி வரணும்'னு சொன்னேன். பாலே நாட்டியத்துக்கு அனுப்பினேன். இந்த ஊர் முழுக்கச் சொல்லிக் குடுத்துச்சு. கடைக்காரரு 'பொண்ணு'ங்கறாரு, டாக்டரு 'பொண்ணு'ங்கறாரு, பள்ளிக்கூடம் பொண்ணுங்களுக்குன்னு இருக்கிற சிவப்புப் பையைக் குடுத்துச்சு. பதினாலு வருஷம், காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும், ஊரே சேர்ந்து ஒரே பாடம். 'நீ பையன்'னு இந்தப் பிள்ளைகிட்ட சொன்ன ஒரு ஆள் உண்டா? நான் தேடினேங்க. நாலு மாசமாத் தேடினேன். புத்தகத்துல தேடினேன், போன்ல தேடினேன், மிசுஸுமேல பழி போட்டேன். மிசுஸு, மன்னிச்சுக்கம்மா."

"பரவாயில்லைங்க ஆன்ட்டி," என்றது முன்வரிசையிலிருந்து ஒரு கனத்த குரல்.

"சொல்லிக் குடுத்து வரும்னா எங்க வீட்டுல வந்திருக்கணும். வரலையே!" சுமியே உட்காரவில்லை. "மிட்ஸுயே, உங்க தலைக்குப் பன்னிரண்டு வருஷமா சுருள் போடறேன். நல்லாத்தானே போடறேன்?"

மிட்ஸுயேயின் கை தானாகத் தலைக்குப் போயிற்று. "நல்லாத்தான்."

"வெளிய முளைச்ச முடியை நான் எப்படி வேணாலும் சுருட்டிடுவேன். அடுத்து முளைக்கிற முடி மட்டும் என் பேச்சைக் கேக்குதா? அது பாட்டுக்கு நேராத்தான் வருது. வேருக்கு மருந்து என்கிட்ட கிடையாது. இந்த ஐயாகிட்டயும் இருக்கும்னு தோணலை." பேச்சாளர் கோப்பைப் புரட்டினார். "என் பிள்ளை தனியா உக்காந்து சாப்பிடாது. அதைச் சொல்லத்தான் எழுந்தேன்."

தனியாக உட்கார வைக்கும் பேச்சு அன்றோடு நின்றது. மிட்ஸுயேயும் அதை மறுபடி எடுக்கவில்லை. சுமியேயின் கடைக்கு வந்துகொண்டிருந்த மூன்று பேர் அடுத்த தெருக் கடைக்கு மாறிப்போனார்கள். மிட்ஸுயே மாறவில்லை. மூன்று மாதம் கழித்து வந்தாள். வானிலையைப் பற்றி மட்டும் பேசினாள்.

பள்ளி முற்போக்கான முடிவு ஒன்றை எடுத்தது. பெண் பிள்ளைகளும் பேண்ட் அணியலாம். அதற்கு ஒரு விண்ணப்பம் தர வேண்டும். ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாகத் தர வேண்டும். எங்கள் ஊரில் கையெழுத்துக்குப் பதிலாகப் பதிக்கிற பெற்றோர் முத்திரை வேண்டும். 'காரணம்' என்ற இடத்தில் இரண்டு கட்டம். ஒன்று: குளிர். இன்னொன்று: பிற, அதற்குப் பள்ளி அமைக்கும் ஒரு குழுவின் ஒப்புதலும் மருத்துவச் சான்றும் தேவை. குமகாய் இந்தத் தாளைத் தன் கையாலேயே தயாரித்தார். எல்லாருக்கும் இடம் கொடுத்துவிட்டதாக உண்மையிலேயே நம்பினார்.

ஏப்ரலில் புதிய வகுப்பு தொடங்கியதும் ஹொடாகா 'பிற' என்ற கட்டத்தில் குறியிட்டு, 'நான் பையன்' என்று எழுதிக் கொடுத்தான். சான்று இணைக்கவில்லை என்று திரும்பி வந்தது. சான்று தரக்கூடிய மருத்துவர் ரயிலில் மூன்று மணி நேரத் தூரத்தில் இருந்தார். நவம்பரில்தான் பார்க்க நாள் கிடைத்தது. அந்த நாள் குறித்த சீட்டை இணைத்து மறுபடி கொடுத்தான். குழு இன்னும் கூடவில்லை என்று திரும்பி வந்தது. மூன்றாவது முறை பெயர் என்ற இடத்தில் ஹொடாகா என்று எழுதினான். பதிவேட்டோடு பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. அத்தனை நாளும் அவன் பேண்டில்தான் போனான். தினமும் அவன் பெயர் சீருடை மீறியோர் பட்டியலில் ஏறியது. தினமும் மாலையில் இருபது நிமிஷம் தாழ்வாரம் துடைத்தான். ரின்கோ ஜன்னல் திட்டில் உட்கார்ந்து, அவன் விட்ட மூலைகளைக் காட்டினாள்.

ஒரு நாள் குமகாய் அந்தப் பக்கம் வந்தார். ரின்கோவை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா இப்படிக் கஷ்டப்படற? குளிர்னு ஒரு கோடு போட்டுக் குடு. அந்த நிமிஷமே கையெழுத்துப் போடறேன்."

"அது பொய் சார்."

"சின்னப் பொய்தானே. எல்லாரும் எழுதலையா?"

"அவங்களுக்குக் குளிருச்சு சார்."

குமகாய் பெருமூச்சு விட்டார். அவரும் கெட்டவர் இல்லை. துடைத்த இடத்தில் மிதிக்காமல் ஓரமாக நடந்து போனார்.

வீட்டில் சுமியேயும் இதையே சொல்லிப் பார்த்தாள். "எழுதித் தொலைச்சிடேன்டி. ஒரு சொல்லுதானே? தாழ்வாரம் துடைக்கறதை நினைச்சா எனக்குச் சோறு இறங்கலை." அவன் மறுத்ததும், "உங்கப்பன் பிடிவாதம்," என்றாள். கென்சாகு, "இப்ப மட்டும் என்கிட்டேர்ந்து தொத்திக்கிச்சா?" என்றான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஜூலை வந்தது. மலைகளுக்கு நடுவே கிண்ணம் போல் இருக்கிற ஊர் எங்கள் ஊர். குளிர்காலத்தில் பனி தேங்குகிற அதே கிண்ணத்தில் கோடையில் வெக்கை தேங்கும். அந்த வாரம் முப்பத்தாறு டிகிரி. தார்ச்சாலை காலடியில் ஒட்டியது. பெண் பிள்ளைகளுக்குப் பேண்ட் பழகிப்போயிருந்தது. சைக்கிள் மிதிக்க வசதி, படிக்கட்டில் ஏறும்போது பாவாடையைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், கொசுவும் கடிக்காது. ஆனால் விண்ணப்பத்தில் சைக்கிளுக்கோ கொசுவுக்கோ கட்டம் இல்லை. அதனால் ரின்கோவும் மற்றப் பத்துப் பேரும் இருக்கிற கட்டத்தில் குறியிட்டார்கள். காரணம்: குளிர்.

ரின்கோவின் தாளில் குடும்ப முத்திரையை அழுத்தியது மிட்ஸுயே. காரணத்தைப் படித்தாள். ஜன்னலுக்கு வெளியே தகிக்கிற வெயிலைப் பார்த்தாள். "சரி, கொசுவும் கடிக்காம இருக்கும்," என்று முணுமுணுத்துக்கொண்டே அழுத்தினாள்.

குமகாய் மின்விசிறிக்கு நேரே நாற்காலியைப் போட்டு, கழுத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு, பதினொரு விண்ணப்பங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். குளிர், குளிர், குளிர். வியர்வை தாளில் சொட்டாமல் பார்த்துக்கொண்டு பதினொன்றிலும் 'ஏற்கப்பட்டது' என்று கையெழுத்திட்டார். கடைசியாக ஹொடாகாவின் நாலாவது தாள். குழு கூடியிருந்தது, மூன்று நிமிஷம் பேசியிருந்தது. குழு சொன்ன வாசகத்தைத் தாளின் அடியில் எழுதித் திருப்பி அனுப்பினார்.

அதை ஹொடாகா அன்று மாலை அம்மாவிடம் நீட்டினான். கடையில் ஆள் இல்லை. சுமியே கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, உரக்கப் படித்தாள்.

"'விண்ணப்பதாரர் கூறும் காரணம் நம்பத்தக்கதாக இல்லை.'"

"ரின்கோவோடது ஆயிடுச்சும்மா," என்றான். "பதினொண்ணும் ஆயிடுச்சு."

"என்ன காரணம் எழுதினாங்க?"

"குளிர்."

சுமியே சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். முதலில் உதடு துடித்தது. அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் இருவரும் அந்த நாற்காலிகளில் விழுந்து, மூச்சு முட்டச் சிரித்தார்கள். சத்தம் கேட்டுக் கென்சாகு தர்பூசணிக் கீற்றோடு எட்டிப் பார்த்துவிட்டு, தனக்குப் புரிகிற விஷயம் இல்லை என்று போய்விட்டான். சிரித்து ஓய்ந்தபோது அவள் கண் ஈரமாக இருந்தது. அதைச் சீப்பு துடைக்கிற துண்டாலேயே துடைத்துக்கொண்டாள்.

பிறகு எழுந்து போய், பள்ளியிலிருந்து ஒரு கட்டாக வாங்கி வைத்திருந்த வெற்று விண்ணப்பங்களில் ஒன்றை உருவினாள். இழுப்பறையிலிருந்து முத்திரையை எடுத்தாள். பெயரும் காரணமும் இன்னும் எழுதாத அந்தத் தாளின் அடியில், பெற்றோர் என்ற இடத்தில், கோணாமல் அழுத்திப் பதித்தாள். தாளை அவன் பக்கம் நகர்த்திப் பேனாவை மேலே வைத்தாள்.

"இந்தத் தடவை பெரிய எழுத்தா எழுதுடா," என்றாள். "பாவம், அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலை போல."

அவன் பேனாவை எடுக்காமல் ஒரு கணம் அவளையே பார்த்தான். அப்புறம் குனிந்து எழுதத் தொடங்கினான்.